போன ஆண்டின் முதல் பரிசு

பள்ளி மணி அடித்து, பிள்ளைகள் பேருந்தில் ஏறிப் போன பிறகு வகுப்பறையைப் பூட்டிக்கொண்டிருந்தேன். “டீச்சர், கொஞ்சம் நேரம் இருக்குங்களா?” என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

திரும்பிப் பார்த்தேன். என் வகுப்பில் படிக்கும் ஒரு பெண் பிள்ளையின் தகப்பனார். செம்பனைக் குலை வெட்டுகிறவர். ஏறக்குறைய முப்பது வருஷ வேலை. அந்தப் பிள்ளை அவருக்குக் காலம் தாழ்ந்து பிறந்த கடைக்குட்டி. பிள்ளையின் படிப்பைப் பற்றிக் கேட்க வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவரோ சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்தார்.

“அடுத்த மாசம் எனக்கு அம்பத்தஞ்சு முடியுது டீச்சர். சேமநிதிப் பணத்தை எடுக்கலாமாம். எல்லாம் சேர்த்து அறுபதாயிரம் வெள்ளி இருக்கு. டவுன்லேருந்து ஒருத்தர் வந்து இந்தத் தாளைக் குடுத்துட்டுப் போனாரு. மேலே இருக்குது பாருங்க, அது போன வருஷம் நூத்துக்கு முப்பது குடுத்திருக்காம். சேமநிதி ஆறுதான் குடுக்குது. முப்பது பெருசா, ஆறு பெருசா? என் சின்னப் பொண்ணுகூடச் சொல்லிடும். நீங்க ஒரு வார்த்தை சொன்னா கையெழுத்துப் போட்டுடுவேன்.”

இது நடந்தது 2025ஆம் ஆண்டில். தாளை வாங்கிப் பார்த்தேன். ஆண்டுவாரியாகக் கட்டம் போட்டு, ஒவ்வொரு முதலீட்டு முறைக்கும் ஒரு நிறம் கொடுத்து, அந்தந்த ஆண்டில் அதிகம் கொடுத்ததை மேலேயும் குறைவாகக் கொடுத்ததைக் கீழேயும் அச்சிட்டிருந்தார்கள். கடைசி ஆண்டின் உச்சியில் இருந்த நீலக் கட்டத்தைச் சுற்றி யாரோ பேனாவால் வட்டம் போட்டிருந்தார்கள்.

எனக்கு நெஞ்சு திக்கென்றது. பதினேழு வருஷத்துக்கு முன் இதே போன்ற ஒரு தாளை நம்பிக் கையெழுத்துப் போட்டவள் நான். “அண்ணே, இதை இன்னிக்கு என்கிட்ட குடுத்துட்டுப் போங்க. நாளைக்குச் சாயந்தரம் வாங்க, உட்கார்ந்து பேசுவோம். அதுவரைக்கும் எதிலேயும் கையெழுத்துப் போடாதீங்க” என்று சொல்லி அனுப்பினேன்.

அந்த இரவு நான் எண்ணிப் பார்த்தவற்றையும் மறுநாள் அவரிடம் சொன்னவற்றையும் வாசகர்களிடமும் சொல்லலாம் என்று தோன்றுகிறது. அவரைப் போல எத்தனையோ பேர் கையில் இப்படி ஒரு தாள் இருக்கக்கூடும்.

முதலில், அந்தத் தாளில் இருந்தது என்ன?

பங்குச் சந்தையில் ஆயிரக்கணக்கான நிறுவனங்களின் பங்குகள் விற்கப்படுகின்றன. அவற்றை நிறுவனத்தின் பெயரைப் பார்த்து வாங்காமல், குணத்தைப் பார்த்துப் பிரித்து வாங்குவது ஒரு முறை. அந்தக் குணத்தைப் ‘பேக்டர்’ என்கிறார்கள். லாபத்தோடும் சொத்தோடும் ஒப்பிட்டால் விலை குறைவாக இருக்கும் பங்குகள் ஒரு வகை. இதை மலிவு வகை என்று வைத்துக்கொள்வோம். கடந்த ஆறு மாதமாகவோ ஒரு வருஷமாகவோ விலை ஏறிக்கொண்டே வந்திருப்பவை இன்னொரு வகை. இது ஓட்ட வகை. கடன் குறைவாகவும் லாபம் நிலையாகவும் உள்ள நிறுவனங்களின் பங்குகள் தர வகை. விலை அதிகம் மேலும் கீழும் ஆடாதவை அடக்க வகை. சிறிய நிறுவனங்களின் பங்குகளையும் தனி வகையாக வைப்பதுண்டு.

இது ஏமாற்று வேலையல்ல. படித்தவர்கள் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து கண்டது. சிறிய நிறுவனங்களும் மலிவான பங்குகளும் நீண்ட காலத்தில் கூடுதலாகக் கொடுத்திருக்கின்றன என்று அமெரிக்கப் பேராசிரியர்களான யூஜின் ஃபாமாவும் கென்னத் ஃபிரெஞ்சும் 1992இல் எழுதினார்கள். ஃபாமாவுக்கு 2013இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. ஏறிவரும் பங்குகள் சில மாதங்களுக்கு மேலும் ஏறும் போக்கு உண்டு என்று நரசிம்மன் ஜெகதீஷும் ஷெரிடன் டிட்மனும் 1993இல் காட்டினார்கள். இந்தியாவில் தேசியப் பங்குச் சந்தையே இப்படிக் குணவாரியாகக் குறியீடுகளை வெளியிடுகிறது. ஆகவே தாளில் இருந்த விவரம் பொய்யல்ல. பேனா வட்டம்தான் பொய் சொன்னது. “போன வருஷம் முதலில் வந்தது, இந்த வருஷமும் முதலில் வரும்” என்று அந்த வட்டம் சொல்லாமல் சொன்னது.

போன வருஷத்து விளைச்சலைப் பார்த்து அடுத்த வருஷத்தை முடிவு செய்யக் கூடாது என்பதை நம் மண்ணே நமக்குக் காட்டியிருக்கிறது. கோலசிலாங்கூரிலிருந்து பெஸ்தாரி ஜெயா போகும் வழியை எண்ணிப் பாருங்கள். நம் பெரியவர்கள் நாவில் அந்த ஊர் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். அங்கே உள்ள தென்னமரம் தோட்டத்தில்தான் 1917இல், காப்பி சரிவராத நிலத்தில், ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் செம்பனையை நட்டார். இந்நாட்டில் வியாபாரத்துக்காகச் செம்பனை பயிரிட்டது அதுதான் முதல் முறை. அப்போது உலகமெல்லாம் ரப்பர், ரப்பர் என்றிருந்தது. 1910இல் லண்டன் சந்தையில் ஒரு ராத்தல் ரப்பர் 12 ஷில்லிங்குக்கு மேல், அதாவது 144 பென்சுக்கு மேல் விற்றது. அந்த ஒரு வருஷத்து விலையைப் பார்த்துக் காட்டை அழித்து ரப்பர் நட்டவர்கள் எத்தனையோ பேர். ரப்பர் கன்று பால் கொடுக்க ஆறேழு வருஷமாகும். நட்டது வளர்ந்து பால் சந்தையில் பெருகிய பிறகு விலை நிற்குமா? பிறகு உலக மந்தமும் சேர்ந்துகொள்ள, 1932இல் அதே ராத்தல் 2 பென்சுக்கும் கீழே போயிற்று. அந்த மந்தத்தில் வேலையிழந்து கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் நம் முன்னோர்கள். உச்சியைப் பார்த்து நட்டவர்கள் துரைமார்கள். அடியில் கிடந்து அனுபவித்தவர்கள் நாம்.

இனி என் கதை.

2007ஆம் ஆண்டில் கோலாலம்பூர் பங்குச் சந்தைக் குறியீடு நூற்றுக்கு 31க்கு மேல் ஏறி 1,445 புள்ளியில் முடிந்தது. அப்போது எனக்கு வயது முப்பதுகூட ஆகவில்லை. வேலைக்குச் சேர்ந்து சில வருஷம் ஆகியிருந்தது. கூட்டு கட்டி எடுத்ததும், மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்ததுமாக என்னிடம் 8,000 வெள்ளி இருந்தது. அப்பா பால்மரம் சீவியவர். அவர் ஓய்வு பெறும் காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. வேலை முடிந்தால் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். அந்த 8,000 வெள்ளி, ஒரு மலிவு வீட்டுக்கு முன்பணமாக வைத்திருந்தது.

தெரிந்தவர் ஒருவர் ஒரு யூனிட் டிரஸ்ட் தாளைக் கொண்டுவந்து காட்டினார். போன வருஷத்துக் கணக்கைக் காட்டி, “ஒரு வருஷம் போட்டா போதும், முன்பணம் பத்தாயிரத்துக்கு மேலே ஆயிடும்” என்றார். 2008 ஜனவரியில் முழுப் பணத்தையும் போட்டேன். அப்பாவிடம் சொல்லவில்லை. கூடிய பணத்தைக் கொண்டுவந்து திடீரென்று கையில் வைக்க வேண்டும் என்று ஆசை.

அந்த வருஷம் என்ன நடந்தது என்று உலகத்துக்கே தெரியும். அமெரிக்காவில் வங்கிகள் ஆட்டங்கண்டன. செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் விழுந்தது. நம் குறியீடு 2008 முடிவில் 876 புள்ளிக்கு வந்தது. ஒரே வருஷத்தில் நூற்றுக்கு 39 போயிற்று. நான் போட்ட நிதியோ அதைவிட மோசம். மாதாமாதம் கணக்குத் தாள் வரும்போது பிரிக்கவே கை நடுங்கும். 2009 மார்ச்சில், “இருப்பதாவது மிஞ்சட்டும்” என்று விற்றுவிட்டேன். கட்டணமெல்லாம் போகக் கைக்கு வந்தது 4,500 வெள்ளி சொச்சம்.

நான் விற்ற சில வாரங்களிலேயே சந்தை எழுந்தது. 2009இல் குறியீடு நூற்றுக்கு 45 ஏறிற்று. உச்சியில் வாங்கினேன், பள்ளத்தில் விற்றேன். இதில் தாளைக் காட்டியவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ஆசையிலும் அவசரப்பட்டேன், அச்சத்திலும் அவசரப்பட்டேன். தப்பு இரண்டும் என்னுடையதுதான்.

ஒரு நாள் இரவு அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். அவர் திட்டவில்லை. வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார்: “நெறையில மழைக்காலத்துல பால் கொறையும். எலை உதிர்ற காலத்துல இன்னும் கொறையும். அதுக்காக மரத்தைச் சாச்சுடுவோமா? ஒரு மாசம் அதிகமா வந்துச்சேன்னு ஆழமாச் சீவுனா பட்டை காஞ்சு மரமே போயிடும். நீ ரெண்டையும் பண்ணிட்டே ஆத்தா.”

அவருடைய சேமநிதிப் பணம் அந்த இரண்டு வருஷமும் தொடாமல் அப்படியே கிடந்தது. 2008இல் 4.50 விழுக்காடும் 2009இல் 5.65 விழுக்காடும் லாப ஈவு சேர்ந்தது. என்னால் வீடு மட்டும் மூன்று வருஷம் தள்ளிப் போயிற்று. அதுவரை அம்மாவும் அப்பாவும் ஓர் உறவினர் வீட்டுப் பின்கட்டில் இருந்தார்கள். அதை நினைத்தால் இன்றும் எனக்குச் சோறு இறங்காது.

மறுநாள் மாலை அந்த அண்ணன் வந்தார். மனைவியையும் கூட்டி வந்திருந்தார். அது எனக்குப் பிடித்திருந்தது. கரும்பலகையில் எழுதியே காட்டினேன்.

“2007 முடிவில் ஒருத்தர் 10,000 வெள்ளியைக் குறியீட்டோடு சேர்ந்து ஏறி இறங்குற மாதிரி போட்டார்னு வைங்க. இடையிலே கிடைக்கும் ஈவுத்தொகையை விட்டுட்டு விலையை மட்டும் பார்ப்போம். 2008 முடிவில் அது 6,067 வெள்ளி. 2009 முடிவில் 8,808. 2010 முடிவில் 10,511. இன்னொருத்தர் அதே 10,000த்தைச் சேமநிதியிலே விட்டு வச்சார். 2008இல் 10,450. 2009இல் 11,040. 2010இல் 5.80 விழுக்காடு கொடுத்தாங்க, 11,681.”

“அப்போ சேமநிதிதான் ஜெயிச்சுது!” என்றார் அந்த அம்மாள்.

“அவசரப்படாதீங்க அக்கா” என்று அடுத்த பக்கம் எழுதினேன். “ஒரு வருஷம் தள்ளி, 2008 முடிவிலே போட்டவர் கணக்கைப் பாருங்க. சந்தையிலே போட்டவருக்கு 2010 முடிவில் 17,324 வெள்ளி. சேமநிதியிலே விட்டவருக்கு 11,178 வெள்ளி.”

இருவரும் வாயடைத்துப் போனார்கள். சந்தை ஒன்று, வருஷமும் ஏறக்குறைய அதே. தொடங்கிய நாள்தான் வேறு. வருஷக் கணக்கை ஒப்பிடும் எந்தத் தாளாக இருந்தாலும், எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். விற்க வருகிறவர் தமக்குச் சாதகமான இடத்தில் தொடங்குவார், சாதகமான இடத்தில் முடிப்பார்.

பிறகு அவருடைய தாளையே விரித்து வைத்தேன். “அண்ணே, இந்த நீலக் கட்டம்தான் ஓட்ட வகை. 2020லேருந்து விரலை வச்சு அதைத் தேடிக்கிட்டே வாங்க.”

குலை வெட்டிக் காய்த்த விரல் தாளின் மேல் நகர்ந்தது. 2020இல் நீலம் உச்சியில். 2021இல் கிடுகிடுவென்று அடிப்பக்கத்துக்கு இறங்கிற்று. 2023இலும் கீழ்ப்பாதியில்தான். 2024இல் மறுபடியும் உச்சி. “இப்ப பச்சையைப் பாருங்க, அது அடக்க வகை” என்றேன். எல்லாமே விழுந்த 2022ஆம் ஆண்டில் அது குறைவாக விழுந்து மேல்வரிசையில் நின்றது. அடுத்த 2023இலேயே கடைசி வரிசை. 2020இல் கீழே கிடந்த மலிவு வகை, 2022இல் வட்டி விகிதம் ஏறியபோது மற்றவற்றைவிடத் தாங்கி நின்றது. அந்தத் தாளில் எந்த நிறமும் ஒரே வரிசையில் உட்கார்ந்திருக்கவில்லை.

“அப்போ முதல்ல வந்ததைப் பிடிச்சா, அது இறங்குற நேரத்துலதானே நாம ஏறுவோம்?” என்றார் அண்ணன்.

“எப்பவும் அப்படி இல்ல. சில சமயம் ரெண்டு மூணு வருஷம் தொடர்ந்து முதல்லேயே நிக்கும். எது நிக்கும், எது இறங்கும்னு இந்தத் தாள் சொல்லாது. 2009இல் அமெரிக்காவிலே, முந்தின வருஷம் மண்ணைக் கவ்வின பங்குகள்தான் வேகமா எழுந்துச்சு. ஓடிக்கிட்டிருந்தது பின்னாடி போயிடுச்சு. அவ்வளவு தூரம் எதுக்கு? கையுறைப் பங்கு ஞாபகம் இருக்கா?”

அவருக்கு நன்றாகவே ஞாபகமிருந்தது. மேரு, கிள்ளான் பக்கத்துக் கையுறை ஆலைகளில் வேலை செய்யும் பிள்ளைகள் நம் தோட்டங்களில் பலர். 2020இல் கொரோனா வந்தபோது உலகமே கையுறை கேட்டது. அந்த நிறுவனங்களின் பங்கு விலை பல மடங்கு ஏறிற்று. கேள்விப்பட்டவரெல்லாம் வாங்கினார்கள். தடுப்பூசி வந்தது, ஆலைகள் பெருகின, கையுறையின் விலை இறங்கிற்று. 2021இலும் 2022இலும் ஏறியதில் பெரும்பகுதி கரைந்துபோயிற்று.

“இறங்கினா மறுபடியும் ஏறாதா டீச்சர்?” என்று அந்த அம்மாள் கேட்டார். நல்ல கேள்வி. அதற்குச் சிறு கணக்கு ஒன்று போதும். 100 வெள்ளி நூற்றுக்கு 50 இறங்கினால் 50 வெள்ளி. அது மறுபடியும் 50 விழுக்காடு ஏறினால் 75 வெள்ளிதான். பழைய நூறு வர வேண்டுமானால் நூற்றுக்கு நூறு ஏற வேண்டும். அதற்கு நாளாகும். 1997இல் நம் சந்தை பாதிக்கு மேல் விழுந்தது. 1998 செப்டம்பர் 1ஆம் தேதி குறியீடு 262 புள்ளிக்கு வந்து நின்றது. அந்த இரண்டு வருஷமும் சேமநிதி 6.70 விழுக்காடு கொடுத்தது. 1999இல் சந்தை 38 விழுக்காடு ஏறியும், 1996இல் இருந்த இடத்துக்கு அது வந்து சேரவில்லை. காத்திருக்கக் கூடியவனுக்கு அது பாடம். காத்திருக்க முடியாதவனுக்கு அது நஷ்டம்.

ஆகையால் நான் அவரிடம் கடைசியாகக் கேட்டது தாளைப் பற்றியல்ல. “அண்ணே, இந்தப் பணம் உங்களுக்கு எப்ப வேணும்?”

அவர் மனைவியைப் பார்த்தார். “அறுவது வயசுல வேலை முடியும். லயத்து வீட்டை விடணும். அஞ்சு வருஷத்துல ஒரு வீடு பார்த்தாகணும்.”

அதைக் கேட்டபோது என் அப்பாவின் முகம் வந்து போயிற்று. அவருக்காகக் கணக்கைப் போட்டேன். 60,000 வெள்ளியைச் சேமநிதியிலேயே விட்டு வைத்து, வருஷத்துக்கு 5 விழுக்காடு கிடைத்தால் ஐந்து வருஷத்தில் 76,500 வெள்ளிக்கு மேல் வரும். வழக்கமான கணக்குக்குச் சட்டம் உறுதியளிக்கும் 2.50 விழுக்காடு மட்டும் கிடைத்தாலும் 67,800 வெள்ளிக்குக் குறையாது. மாறாக, முழுவதையும் பங்கில் போட்டு 2008 போல ஒரு வருஷம் வந்தால் 36,400 வெள்ளிதான் மிஞ்சும். நன்றாகப் போனால் கூடுதலாகக் கிடைக்கலாம் என்பதை மறைக்கவில்லை. ஆனால் வீடு இல்லாமல் நிற்பதும் ஒரு வசதி குறைந்த வீட்டில் இருப்பதும் ஒன்றல்ல.

பலருக்குத் தெரியாத ஒன்றையும் சொன்னேன். 55 வயதானால் சேமநிதிப் பணம் முழுவதையும் ஒரே நாளில் எடுத்தாக வேண்டும் என்று சட்டமில்லை. தேவையானதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். மீதிக்கு 100 வயது வரை லாப ஈவு உண்டு. சேமநிதி வாரியமும் உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் பங்குகள் வாங்குகிறது. ஏறக்குறைய பாதிப் பணத்தைக் கடன் பத்திரம் போன்ற நிலையான வருமானத்தில் வைப்பதால் அதன் ஆட்டம் குறைவு. 1983 முதல் 1987 வரை 8.50 விழுக்காடு கொடுத்தது, 2002இல் 4.25க்கு இறங்கியதும் உண்டு. 2024இல் 6.30 கொடுத்தது. என்றைக்கும் அது முதல் பரிசு வாங்காது. ஆனால் 1952இலிருந்து லாப ஈவு கொடுக்காத வருஷம் இல்லை.

பங்கே கூடாது என்று நான் யாருக்கும் சொல்ல வரவில்லை. வேலைக்குப் போகத் தொடங்கிய பிள்ளைகள், பத்துப் பதினைந்து வருஷம் தொடத் தேவையில்லாத சிறு தொகையை மாதாமாதம் போட்டு வரலாம். ஒரே நிறத்தைத் துரத்தாமல் பல வகையிலும் பரப்பி வைத்து, கட்டணம் எவ்வளவு என்று முதலிலேயே கேட்டு, இறங்கும்போது விற்றுவிட்டு ஓடாமல் இருக்க மனம் இருந்தால் போதும். அந்த மனம் எனக்கு அப்போது இல்லை. ஏனென்றால் அது காத்திருக்கும் பணமல்ல, வீட்டுப் பணம்.

அண்ணன் வெகுநேரம் யோசித்தார். பிறகு, “ஐம்பத்தெட்டாயிரம் அங்கேயே கெடக்கட்டும். ரெண்டாயிரத்தை மட்டும் இந்தத் தாள்ல போட்டுப் பார்க்கிறேன் டீச்சர். போனா போவுது, சின்னவ பேர்ல போட்டதா நினைச்சுக்கிறேன்” என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆசை யாரைத்தான் விட்டது? ஆனால் கைப்பணத்தில் எவ்வளவு போனால் தாங்கும் என்று அவர் தாமே எண்ணிச் சொன்னாரே, அந்தக் கணக்கு எனக்கு அன்று தெரிந்திருக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து அவருடைய மகள் வீட்டுப் பாடத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். நோட்டு தீர்ந்துவிட்டதாம். அந்த வண்ணத் தாளின் பின்பக்கத்தில் விழுக்காட்டுக் கணக்குப் போட்டிருந்தாள். ஏழில் ஆறு சரி. தப்பான ஒன்றைச் சுழித்து, “திரும்பச் செய்” என்று எழுதிக் கொடுத்தேன்.